பன்னிரண்டாவது டெஸ்க்டாப்

ஜனவரி 9, வியாழன்

ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் கணக்கெடுப்பு. நாற்பதில் மூன்றைக் காணவில்லை. பாலிடெக்னிக் பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எதை அளக்கிறார்கள் என்பது செண்பகவல்லி அம்மனுக்கே வெளிச்சம்.

சாயங்காலம் சுடலைமணி அண்ணாச்சி பேசினார். விளாத்திகுளம் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். இருட்டிவிட்டால் தொலைநோக்கிதான் அவருக்குக் குடும்பம். எங்கள் வானம் பார்க்கும் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள். இந்தத் தெற்குக் கோடியில் அவரும் நானும் மட்டும்தான்.

"மேடம், பிப்ரவரி இருவது, ராத்திரி ஏழு முப்பத்திநாலு. நிழல் நம்ம ரெண்டு ஊருக்கு மேலயும் போவுது. எழுதி வச்சுக்கிடுங்க."

எழுதி வைக்கிறேன். பெயர்கூட இல்லாத, ஐந்திலக்க எண் மட்டுமே உள்ள ஒரு சிறுகோள். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் ஒரு பாறை, அவ்வளவுதான். அது ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் சுமார் நாலரை விநாடி அணைந்து, மறுபடி எரியும். எப்போது அணைந்தது, எப்போது எரிந்தது என்று கோவில்பட்டியில் நானும் விளாத்திகுளத்தில் அவரும் துல்லியமாகப் பதிவு செய்தால், அணைந்த நேரமே நீளமாக, பாறையின் குறுக்கே இரண்டு கோடு விழும். இரண்டு கோடு இருந்தால் அது உருண்டையா, கோணலா என்று சொல்லிவிடலாம். ஒற்றைக் கோட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அக்டோபரில் இப்படித்தான் ஒன்று வந்தது. அவர் கோடு கிடைத்தது. என் கோடு கிடைக்கவில்லை. மேகம்.

இந்த முறை விடமாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

தொலைநோக்கியில் மாட்டுகிற கேமரா பழசு. அது பேசுவது இந்த லேப்டாப்போடு மட்டும்தான். மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். இரண்டு ஜிபி நினைவகம். அவள் வேலைக்குப் போய் அஞ்சு வருஷம் ஆகிறது. இது இன்னும் என் மடியில்.

பிரச்சினை லேப்டாப்பில் இல்லை, என்னிடம்தான். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட நாளிலிருந்து எனக்குக் கை அரிப்பு. இதில் ஜன்னல், பட்டை, மெனு எல்லாம் சேர்ந்த திரையின் முகத்தைத்தான் டெஸ்க்டாப் என்பது, சட்டை மாதிரி மாற்றிக்கொள்ளலாம். ஒரு டெஸ்க்டாப்பைப் போடுவேன், பத்து நாள் கொஞ்சுவேன், இன்னொன்றின் படத்தை எங்காவது பார்ப்பேன், இதைக் கழற்றிவிட்டு அதைப் போடுவேன். இரண்டு வருஷத்தில் பத்து மாற்றியிருக்கிறேன். இப்போது இருப்பது பளபளா ரகம். ஜன்னல்கள் மெழுகுபோல உருகித் திறக்கும், மூடினால் பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு போகும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேலைதான் செய்ய முடியாது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். இவர் ரயில்வே குட்ஸ் ஆபீஸில் இருபத்தேழு வருஷமாக ஒரே நாற்காலி. நாற்காலியை மாற்றித் தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்றுவிட்டாராம்.

"ஏளா, இது கம்ப்யூட்டரா, ஜவுளிக்கடையா?" என்றார்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். விடுமுறை. மொட்டை மாடியில் ஒத்திகை. கேமரா விநாடிக்கு இருபத்தைந்து படம் எடுக்கும். ஒவ்வொன்றையும் பிரேம் என்போம், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் விழும். பத்து நிமிஷத்துக்கு 15,000. லேப்டாப் திணறினால் நடுவில் சில எண்கள் விடுபட்டுப் போகும்.

இன்று விடுபட்டவை: 61.

பிடித்துவிட்டேன் காரணத்தை. இந்தப் பளபளா டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போதே பாதி நினைவகத்தை விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, நினைத்தால் எழுந்து என் கோப்புகளையெல்லாம் எண்ணிப் பட்டியல் போடத் தொடங்குகிறது. யார் கேட்டார்கள்? அந்த நேரத்தில் கேமராவிலிருந்து வருவதை வாங்கி வைக்க ஆள் இல்லை.

61 பரவாயில்லை. அக்டோபரில் ஒரே மூச்சில் 118.

ஜனவரி 19, ஞாயிறு

பதினொன்றாவது. இனி எளிமை என்று சத்தியம் செய்துகொண்டு இருப்பதிலேயே ஒல்லியானதைப் போட்டேன். கறுப்புத் திரை. பட்டை இல்லை, படம் இல்லை, கடிகாரம் இல்லை. வலது கிளிக் செய்தால் ஒரு சின்னப் பட்டியல் வரும், அவ்வளவுதான். விடுபட்டவை: 0. துள்ளிக் குதித்தேன்.

ராத்திரி ஏழரைக்கு மாடியில் வைத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இருட்டில் ஒரு கண் தொலைநோக்கியின் தேடுகுழலில், ஒரு கை குமிழில். பதிவு ஜன்னல் வேறொன்றின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. எங்கே போயிற்று என்று தெரியவில்லை, மணி என்ன என்றும் தெரியவில்லை. "வெளிச்சம் காட்டுதேன்" என்று இவர் டார்ச்சை நேராக என் முகத்தில் அடித்தார். கண் கெட்டு இருபது நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை.

துறவியோடு குடும்பம் நடத்த முடியாது. கழற்றிவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றிவிட்டு வந்து பன்னிரண்டாவதைப் போட்டேன். எக்ஸ்எஃப்சிஇ. வாயில் நுழையாத பெயர், சின்னமாக ஓர் எலி. இரண்டு வருஷமாக எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். நான்தான் "அது கிழட்டுப் பயலுக போடுறது" என்று மூக்கைச் சுளித்தேன்.

மேலே ஒரு பட்டை. அதில் மணி, விநாடியோடு. திறந்திருக்கும் ஜன்னல்களின் பெயர்கள் வரிசையாக. தட்டினால் திறக்கிறது. திறந்ததாகக் காட்டிக்கொள்வதே இல்லை, அது பாட்டுக்குத் திறந்து நிற்கிறது. பதிவு மென்பொருளை ஓட்டிவிட்டு நினைவகத்தைப் பார்த்தேன், பாதிக்கு மேல் காலி. நான் எதையும் கேட்காதபோது அது எதையும் செய்யவில்லை.

ஒரு மணி நேரம் அந்தச் சாம்பல் நிறத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரோ எங்கோ உட்கார்ந்து வருஷக்கணக்காக, என் முகம்கூடத் தெரியாமல், இந்தப் பழைய டப்பாவுக்கும் இடம் வேண்டும் என்று நினைத்து இதைச் செய்திருக்கிறார்கள். வெறும் ஒரு மெனுவைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

விடுபட்டவை: 0.

ஜனவரி 29, புதன்

0.

ஜனவரி 30, வியாழன்

ஒத்திகையில் பத்தாவது நிமிஷம் திரை அணைந்துவிட்டது. பதறிப்போய் விசையெல்லாம் தட்டினேன். ஒன்றுமில்லை, மின்சாரம் சேமிக்கிறதாம். 'பிரசென்டேஷன் மோட்' என்று ஓர் இடத்தில் குறி போட்டால் விழித்திருக்குமாம். போட்டேன். 0.

பிப்ரவரி 2, ஞாயிறு

அறிவுகெட்ட மூதேவி நான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே, சும்மா இருக்கலாம் இல்லையா? கீழே ஒரு அழகான பட்டை போட்டேன், சுட்டியைக் கொண்டுபோனால் அதில் ஐகான்கள் பெரிதாகும். ஜன்னல்களுக்கு நிழல் வேறு. மத்தியானம் முழுக்க அதிலேயே போனது. சோற்றை அடுப்பில் மறந்துவிட்டேன்.

ராத்திரி விடுபட்டவை: 11.

வானம் பார்க்கிறவர்களிலும் கம்ப்யூட்டர் நோண்டுகிறவர்களிலும் இது ஒரு தனி ஜாதி வியாதி. நன்றாக இருப்பதை நன்றாக இருக்க விடமாட்டோம். எல்லாவற்றையும் கழற்றினேன். பிறகு இவரைக் கூப்பிட்டேன்.

"இந்த மெஷின்ல எதைப் புதுசா ஏத்தணும்னாலும் ஒரு பாஸ்வேர்டு கேக்கும். அதை நீங்க மாத்தி வச்சுக்கிடுங்க. இருபதாம் தேதி வரைக்கும் எனக்குச் சொல்லக் கூடாது."

"நெஜமாவா சொல்லுதே?"

"நெஜமாத்தான். நான் கெஞ்சுவேன், அழுவேன். குடுக்கக் கூடாது."

என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு காப்பி போட்டுவிடலாம். முடித்ததும் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பிப்ரவரி 6, வியாழன்

0. அண்ணாச்சி போனில் பேசினார். அவர் தொலைநோக்கிக்கு மாவு சல்லடையில் புதுசாக மூடி செய்திருக்கிறாராம். போகிற போக்கில் கேட்டார்:

"அக்டோபர்ல ஒங்களுக்கு மேகம் எந்தப் பக்கம் இருந்துச்சு மேடம்?"

மேற்கே என்றேன்.

"சரி சரி" என்றார். பிறகு மூடியைப் பற்றியே பேசினார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். நிலா வெளிச்சத்தில் எங்கள் நட்சத்திரம் மங்கல்தான், ஆனாலும் பதிவாயிற்று. 0.

பிப்ரவரி 14, வெள்ளி

சண்டை. பதிவு மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. பாஸ்வேர்டு கேட்டேன்.

"இருவதாம் தேதி" என்றார்.

"இது அலங்காரம் இல்லைங்க. அவசியம்."

"பழசு ஓடுதா, இல்லையா?"

"ஓடுது. ஆனா..."

"ஓடுதுல்லா? விடு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாழ்க்கையில் ஒரு நாற்காலியைக்கூட மாற்றத் தெரியாத மனுஷனுக்கு என் அருமை எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அக்டோபர்லயும் அன்னைக்கு மத்தியானம்தான் புதுசு போட்டே. அவசியம்னுதான் சொன்னே. ராத்திரி நானும் ஒங்கூட மாடியிலதானே நின்னேன். வானம் பளிச்சுன்னு இருந்துச்சு."

இவருக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதக் கை போகிறது. எழுதவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

0. மேகம் கொஞ்சம் சுற்றுகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

 இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

ஆறரைக்கு மாடிக்குப் போனோம். தெருவில் எல்லா வீட்டிலும் சீரியல் சத்தம். கிழக்கே ஒரு மேகத் திட்டு இருந்தது, உச்சியில் சுத்தம். ஏழு மணிக்கு நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டேன். ரிஷபத்தின் கொம்புக்குப் பக்கத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. எலிச் சின்னம் போட்ட அந்தச் சாம்பல் திரையில் அது ஒரு அரிசிக் குருணை அளவுக்கு நின்றது. ஏழு முப்பதுக்குப் பதிவை ஓட்டிவிட்டு லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவர் பிடித்துக்கொண்டார்.

ஏழு முப்பத்திமூன்று. மேலே பட்டையில் விநாடி ஓடுகிறது, ஒரு தடவைகூடத் தயங்காமல். ஐம்பது. ஐம்பத்தைந்து. முப்பத்திநாலு. ஒன்று, இரண்டு, மூன்று...

அணைந்துவிட்டது.

எந்தச் சத்தமும் இல்லை. அந்த இடத்தில் நட்சத்திரம் இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த மற்ற புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, இது மட்டும் இல்லை. எங்கள் மாடி, துணி காயப்போட்ட கொடி, தண்ணீர்த் தொட்டி, நாங்கள் இரண்டு பேர், தெரு முழுக்க டிவி பார்க்கும் ஜனம், எல்லார் மேலும் எங்கிருந்தோ ஒரு பாறையின் நிழல் விழுந்து கிடந்தது. யாருக்கும் தெரியாது. நட்சத்திரத்தின் வெளிச்சத்துக்கு நிழல் உண்டு என்பதையே எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?  அம்மா, தாயே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்துவிட்டது. அதே இடத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"செத்துப் பொழைச்சு வந்திருச்சேளா!" என்றார் இவர். எதற்கும் அசையாத மனுஷன், என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

கீழே வந்து பார்த்தேன். விடுபட்டவை: 0.

பிப்ரவரி 21, வெள்ளி

லீவு போட்டேன். பிரேம் பிரேமாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மறுபடி பார்த்தேன்.

நட்சத்திரம் ஒரேயடியாக அணையவில்லை. முதலில் பாதிக்கு மேல் மங்குகிறது. எட்டு பிரேம் அந்த மங்கலிலேயே நிற்கிறது. பிறகுதான் முழுக்க அணைகிறது. திரும்பி வரும்போதும் அப்படியே இரண்டு படி.

ஒரு நட்சத்திரம் இல்லை. இரண்டு. எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு. பாறை முதலில் ஒன்றை மறைத்து, அப்புறம் மற்றதை மறைத்திருக்கிறது. பட்டியல்களில் தேடினேன். எல்லாவற்றிலும் ஒற்றை என்றுதான் போட்டிருக்கிறது. 

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவரும் இரண்டு படி பார்த்திருந்தால் போதும், யாரும் கேள்வி கேட்க முடியாது.

"மேகம், மேடம்" என்றார்.  "ஏழு இருவதுக்கு வந்து மூடிச்சு. எட்டு மணிக்குத்தான் வெலகிச்சு."

நான் நம்பினேன். ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. போனை வைத்த பிறகுதான் அது சுருக்கென்று தைத்தது.

பிப்ரவரி 22, சனி

நேற்று ராத்திரி நான் அனுப்பிய பதிவுக்குக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் மங்களேஸ்வரி அம்மா பதில் போட்டிருக்கிறார். மிக மரியாதையாக. "அன்புள்ள சங்கரவடிவு, அற்புதமான பதிவு. ஆனால் ஒரே ஒரு பதிவு. எட்டு பிரேம் என்பது மூன்றில் ஒரு பங்கு விநாடி. கணினி திணறினாலும் இப்படி ஒரு படி விழுந்ததாகத் தோன்றலாம் என்பார்கள். இதே கேமரா, இதே கணினியில் இதற்குமுன் எப்போதாவது திணறல் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதன் விவரம் தேவை."

வந்ததே இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன்.



பிப்ரவரி 23, ஞாயிறு

அனுப்பிவிட்டேன். குழுவில் நாற்பது பேருக்கும் போகிற மாதிரி. இதுதான்:

"அக்டோபரில் மேகம் என்று நான் கொடுத்த அறிக்கை பொய். வானம் தெளிவாக இருந்தது. அன்று மதியம் ஆசைப்பட்டு ஒரு புது டெஸ்க்டாப்பைப் போட்டேன். சரியாக அந்த நேரத்தில் கணினி உறைந்து 118 பிரேம் விடுபட்டது. வெட்கத்தில் மறைத்தேன். சுடலைமணி அண்ணாச்சியின் கோடு ஒற்றையாக வீணானதற்கு நான்தான் காரணம். அந்தப் பதிவை அழிக்க மனம் வராமல் வைத்திருந்தேன். இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து வேறு டெஸ்க்டாப். அதன் ஒத்திகைக் கணக்குகள், நடுவில் நானே கெடுத்துக்கொண்ட பிப்ரவரி 2 உட்பட, எல்லாம் உள்ளன."

அனுப்பிவிட்டுப் போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். விளாத்திகுளத்திலிருந்து பஸ் பிடித்து, ஆபீஸ் முடிந்த கையோடு. நான் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

"மன்னிச்சுருங்க அண்ணாச்சி."

"விளாத்திகொளத்துல இருந்து பாத்தா கோவில்பட்டி வானம் தெரியாதா மேடம்? மேற்க ஒரு பொட்டு மேகம் கெடையாது அன்னைக்கு. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா இந்தத் தடவையும் எனக்குப் போன் பண்ணுனீங்க?"

"பின்ன யாருக்குப் பண்ண? அதை விடுங்க. நான் அதுக்கு வரலை. மங்களேஸ்வரி அம்மா எழுதுனதப் பாக்கலையா நீங்க? போன எடுங்க மொதல்ல."

அலமாரியைத் திறந்தேன். அந்த அம்மா எழுதியிருந்தார்: "உங்கள் அக்டோபர் பதிவுதான் நமக்கு வேண்டிய சான்று. இந்தக் கணினி திணறினால் வரிசை எண்கள் தாவும் என்பதை அது காட்டுகிறது. பிப்ரவரிப் பதிவில் எண்கள் ஒன்றுகூடத் தாவவில்லை. இரு படிகளிலும் எல்லாப் பிரேமும் வரிசையாக உள்ளன. ஆகவே திணறல் இல்லை. மங்கியது நட்சத்திரமே. இரட்டை என்று அறிக்கை அனுப்புகிறேன். அக்டோபர் அறிக்கையைத் திருத்தியாயிற்று. இனி இப்படிச் செய்யாதீர்கள்."

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். வலித்தது. வலிக்கட்டும்.

இவர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பாஸ்வேர்டு.

"இருவது தாண்டியாச்சே."

"நீங்களே வச்சுக்கிடுங்க" என்றேன். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்து வைத்தார்.

இருட்டியதும் மூன்று பேரும் மாடிக்குப் போனோம். நட்சத்திரத்தைப் பிடித்துக் கொடுத்தேன். அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு விலகினார். பிறகு இவர் குனிந்தார்.

"எனக்கு ஒண்ணுதானே தெரியுது?"

"எனக்கும் ஒண்ணுதாங்க தெரியுது" என்றேன்.